படத்தைப் பெரிதாக்கலாம், முகத்தை மாற்றலாமா?

செல்வி என்று ஒரு பெண். கோலார் தங்கவயலில் வசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்வதற்காகத் தமிழர்கள் பலர் அந்தக் காலத்திலேயே அங்கே போய்க் குடியேறினார்கள். செல்வியின் அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை அவர் பூமிக்கு அடியில் இறங்கி வேலை பார்த்தார்.

அப்பா இறந்து ஓர் ஆண்டு ஆகப் போகிறது. நினைவு நாளுக்குச் சுவரில் மாட்டி மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டில் படம் இல்லை. இருந்த இரண்டொரு படங்களும் மழையில் நனைந்து வீணாகிவிட்டன. அடையாள அட்டையில் உள்ள படமோ கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கிறது.

பெங்களூரில் பெரியம்மா வீட்டில் ஒரு கல்யாணப் படம் இருந்தது. 1996ஆம் ஆண்டு எடுத்தது. அதில் நான்கு பேரோடு அப்பாவும் நிற்கிறார். பெரியம்மா மகன் அந்தப் படத்தைத் தன் செல்போனில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தான்.

படம் வந்தது, தாத்தா வரவில்லை

செல்வியின் மகன் அப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தான். பெரிதாக்கினான். முகம் மங்கிப் போயிற்று. பிறகு செல்போனில் ஒரு செயலியை இறக்கினான். அந்தச் செயலி ஒரு நிமிடத்தில் முகத்தைத் தெளிவாக்கிக் கொடுத்தது. தோல் வழவழப்பாக இருந்தது. கண் பளபளத்தது. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிந்தது.

அவன் ஓடிப் போய்ப் பாட்டியிடம் காட்டினான்.

“ஆயா, தாத்தா எப்படி இருக்காரு பாரு!”

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இது உங்க தாத்தா இல்ல.”

“அதே போட்டோதான் ஆயா.”

“இடது புருவத்துக்கு மேல அவருக்கு ஒரு தழும்பு இருக்கும். சுரங்கத்துல கல்லு விழுந்து தையல் போட்டாங்க. அது எங்க?”

தழும்பு இல்லை. வாய் ஓரத்துச் சுருக்கமும் இல்லை. நாற்பது ஆண்டுகள் கூட வாழ்ந்தவர் சொல்கிறார், இது வேறு யாரோ என்று.

பேரன் ஆசையோடுதான் செய்தான். பிறகு ஏன் இப்படி ஆயிற்று? தழும்பு எங்கே போயிற்று?

கோலத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வோம்

வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறோம். ஐந்து புள்ளி, ஐந்து வரிசை வைத்தால் மொத்தம் 25 புள்ளிகள். அதில் ஒரு சின்னப் பூ போடலாம். இருபத்தொரு புள்ளி, இருபத்தொரு வரிசை வைத்தால் 441 புள்ளிகள். அதில் தேர் போடலாம், சக்கரம் போடலாம், தேருக்கு மேல் கொடியும் போடலாம்.

இப்போது ஒருவர் ஐந்து புள்ளிக் கோலத்தையே தெரு அடைக்கப் போடுகிறார். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி விடுகிறார். கோலம் பெரிதாகிவிட்டது. ஆனால் பூ தேர் ஆகுமா? ஆகாது. பெரிய பூவாகத்தான் இருக்கும். புள்ளி கூடவில்லை. இடைவெளிதான் கூடியது.

செல்போன் படமும் புள்ளிகளால் ஆனதுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு நிறம். அந்தப் புள்ளியைப் பிக்சல் என்று சொல்கிறார்கள். மிகச் சிறிய புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் நம் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிவதில்லை. முழுப் படமாகத் தெரிகிறது.

1957ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் ஒரு போட்டோவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். கம்ப்யூட்டருக்குள் அப்படி ஏறிய முதல் போட்டோ அதுதான். அது அவருடைய மூன்று மாதக் குழந்தையின் முகம். அதில் அகலத்தில் 176 புள்ளிகள், உயரத்தில் 176 புள்ளிகள் இருந்தன. பெருக்கினால் 30,976 புள்ளிகள். இன்று சாதாரணமாகக் கையில் உள்ள செல்போன் பலவற்றில் ஒரு படத்துக்கு 4000 × 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் கிடைக்கின்றன.

தழும்பு எங்கே தொலைந்தது?

செல்வி வீட்டுக்கு வந்த படத்துக்கு என்ன ஆயிற்று என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், தாளில் இருந்த படத்தைச் செல்போனில் எடுத்தார்கள். படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. சட்டமும் சுவரும் சேர்ந்து விழுந்தன. புள்ளிகளில் ஒரு பகுதி சுவருக்கே போய்விட்டது.

அடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். படம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இத்தகைய செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. சாதாரணமாக அனுப்பினால் 4000 × 3000 புள்ளி உள்ள படம் சுமார் 1600 × 1200 ஆகிவிடும். பெருக்கிப் பாருங்கள். 19 லட்சத்து 20 ஆயிரம் வருகிறது. ஆறு புள்ளிகளில் ஐந்து போய்விட்டன.

அதோடு நிற்பதில்லை. பக்கத்துப் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நிறமாக இருந்தால் அவற்றின் சிறு வேறுபாட்டையும் செயலி விட்டுவிடுகிறது. சட்டைக்கும் சுவருக்கும் நிற வேறுபாடு அதிகம். அது தப்பிவிடும். தோலின் நிறமும் தழும்பின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்று. அது தப்பாது.

கடைசியில், பலர் நிற்கும் படத்தில் ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அந்த முகத்தில் எஞ்சியது அகலத்தில் சுமார் 100 புள்ளிகள்தான். செயலிக்குக் கொடுப்பதற்கு முன்னாலேயே தழும்பு தொலைந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கையில் வைத்துப் பார்க்கும் படம் தெளிவாக இருக்க, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் நல்லது. சுவரில் மாட்டி இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 இருந்தால் போதும்.

பேரன் போட நினைத்தது 10 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள படம். அதில் முகம் மட்டும் சுமார் 5 அங்குல அகலம் வரும். இருப்பதோ 100 புள்ளிகள். 100ஐ 5ஆல் வகுத்தால் 20. ஓர் அங்குலத்துக்கு 20 புள்ளிகள்தான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கேழ்வரகு மணி அளவு இருக்கும். கேழ்வரகு மணிகளை வரிசையாக ஒட்டி முகம் செய்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

வேறு எந்தப் படத்துக்கும் இதே கணக்கைப் போடலாம். படத்தின் அகலத்தில் எத்தனை புள்ளி என்று செல்போனில் பார்க்கலாம். படத்தின் விவரம் என்ற இடத்தில் எண்கள் இருக்கும். அந்த எண்ணை 150ஆல் வகுக்க வேண்டும். வருவது எத்தனை அங்குலமோ, அந்த அகலம் வரை சுவரில் மாட்டும் படம் போடலாம். 1200 புள்ளி இருந்தால் 8 அங்குலம்.

பெரிதாக்கும்போது கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

ஒரு படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கச் சொல்கிறோம். புள்ளிகளுக்கு நடுவே இடம் காலியாகிறது. அங்கே எதையாவது வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் பக்கத்தில் உள்ள புள்ளிகளைப் பார்க்கிறது. ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் வெள்ளை என்றால் நடுவே சாம்பல் நிறத்தை வைக்கிறது. கறுப்பு முடியும் வெள்ளைச் சுவரும் சேரும் இடத்தில் கூர்மையான கோடு இருந்தது. இப்போது சாம்பல் பட்டை வந்துவிட்டது. அதைத்தான் நாம் மங்கல் என்கிறோம்.

ஒரு படி பாலில் ஒரு படி தண்ணீர் விட்டால் இரண்டு படி ஆகும். பால் என்னவோ ஒரு படிதான்.

புதிய செயலிகள் வேறு வழியில் போகின்றன. இவற்றைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் என்கிறார்கள். இவற்றுக்கு முன்கூட்டியே ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். கண் என்றால் பொதுவாக எப்படி இருக்கும், பல் என்றால் எப்படி இருக்கும் என்று அவை பழகியிருக்கின்றன. மங்கலான கண்ணைக் கொடுத்தால், தாம் பழகிய கண்களைப் போல ஒன்றை வரைந்து வைக்கின்றன. படம் தெளிவாகிறது. ஆனால் அது நம் ஆளின் கண் அல்ல. ஊரில் பலருக்கும் இருக்கக்கூடிய கண்.

2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் இது வெளிச்சத்துக்கு வந்தது. அங்குள்ள டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மங்கல் முகத்தைத் தெளிவாக்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். அமெரிக்க முன்னாள் அதிபர் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தை ஒருவர் அதில் கொடுத்துப் பார்த்தார். ஒபாமா கறுப்பினத்தவர். வெளியே வந்ததோ ஒரு வெள்ளைக்காரரின் முகம்! இந்த முறை கற்பனை முகங்களைத்தான் உருவாக்கும், ஆளை அடையாளம் காண உதவாது என்று அதை உருவாக்கியவர்களே விளக்கினார்கள்.

அப்படியென்றால் இந்தச் செயலிகள் வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. வானம், மரம், சுவர், புடவையின் மடிப்பு ஆகியவற்றை ஊகித்து வரைந்தால் பெரிய குற்றம் இல்லை. ஆனால் ஒருவரின் முகத்தை ஊகிக்கலாமா? பத்திரத்தில் உள்ள எண்ணை ஊகிக்கலாமா? மங்கலான 3ஐ 8 என்று வரைந்துவிட்டால் யார் பொறுப்பு?

நிலவில் ஒரு புள்ளி

பெரிதாக்கியும் தெரியாததை எப்படித்தான் தெரிந்துகொள்வது? நம் நாட்டுச் செய்தி ஒன்றைப் பார்ப்போம்.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இந்தியாவின் சந்திரயான்-2 திட்டத்தில் விக்ரம் என்ற கலம் நிலவில் இறங்க முயன்றது. கடைசி நேரத்தில் தொடர்பு அறுந்தது. கலம் விழுந்து நொறுங்கிவிட்டது. துல்லியமாக எங்கே விழுந்தது என்று வெளியே தெரியவில்லை.

அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்கு நிலவைச் சுற்றிவரும் ஒரு விண்கலம் உண்டு. அது அந்த இடத்தைப் படம் எடுத்தது. நாசா அந்தப் படத்தை எல்லோரும் பார்க்க வெளியிட்டது. சென்னையில் பொறியாளராக இருந்த சண்முக சுப்பிரமணியன் அதை எடுத்துக்கொண்டார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் இடத்தில் பழைய படத்தில் இல்லாத ஒன்று தெரிந்தது. அது ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.

அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலவில் சுமார் 1.3 மீட்டர் இடம். அந்த ஒரு புள்ளியை எவ்வளவு பெரிதாக்கினாலும் பெரிய வெள்ளைக் கட்டம்தான் வரும். அது கலத்தின் துண்டா, வேறு பொருளா என்று தெரியாது.

அவர் நாசாவுக்கு எழுதினார். நாசா பின்னால் எடுத்த படங்களையும் வைத்துப் பார்த்தது. நவம்பர் மாதம் எடுத்த படத்தில் ஒரு புள்ளி சுமார் 0.7 மீட்டர் இடத்தைக் காட்டியது. முன்பைவிட நெருக்கமான புள்ளிகள். நல்ல வெளிச்சம். அதில் விழுந்த இடமும் சிதறிய துண்டுகளும் தெரிந்தன. டிசம்பர் மாதம் நாசா அதை அறிவித்தது. சண்முக சுப்பிரமணியனின் பெயரையும் சொன்னது.

மங்கல் படத்தை ஊதிப் பெரிதாக்கி அவர்கள் முடிவு சொல்லவில்லை. அதைவிடத் தெளிவான படத்தைத் தேடிப் போனார்கள். வழி அதுதான்.

அசலைத் தேடிப் போனார்கள்

செல்வி தன் அம்மாவையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஒரு பழைய ஸ்டூடியோவுக்குப் போனார். ஸ்டூடியோக்காரர் செல்போனில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“இதுல ஒண்ணும் செய்ய முடியாதும்மா. இது நகலுக்கு நகல். 96ல எடுத்த போட்டோன்னா பிலிம்லதான் எடுத்திருப்பாங்க. நெகட்டிவ் இருக்கான்னு கேளுங்க.”

அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் படத்தோடு நெகட்டிவையும் கொடுப்பது உண்டு. பழுப்பு நிறத்தில், சின்னத் துண்டாக இருக்கும். ஒரு படத்தின் நெகட்டிவ் அகலம் 36 மில்லிமீட்டர், உயரம் 24 மில்லிமீட்டர். இவ்வளவு சிறியதில் என்ன இருக்கும் என்று பலர் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஆனால் அதுதான் அசல். தாளில் போட்ட சின்னப் படத்தில் தெரியாத நுணுக்கமும் அதில் இருக்கும்.

பெரியம்மாவுக்கு போன் போட்டார்கள். கல்யாண ஆல்பத்தின் பின்னட்டையில் ஓர் உறை இருந்தது. உறைக்குள் நெகட்டிவ் இருந்தது! மறுநாள் செல்வியின் மகன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினான். பெங்களூருக்குப் போய் அதைக் கையோடு வாங்கி வந்தான்.

ஸ்டூடியோக்காரர் நெகட்டிவின் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். தூசியை ஊதினார். ஸ்கேனரில் வைத்தார். இப்போது அதே முகத்தின் அகலத்தில் சுமார் 350 புள்ளிகள் கிடைத்தன.

“பத்துக்குப் பன்னிரண்டு வேண்டாம். ஐந்துக்கு ஏழு போட்டுத் தர்றேன். முகம் ரெண்டு அங்குலம் வரும். சுத்தமா இருக்கும்.”

350ஐ 2ஆல் வகுத்தால் 175. சுவரில் மாட்ட 150 போதும் என்று முன்பே பார்த்தோம். கணக்கு சரியாக வருகிறது.

படம் வந்தது. செயலி கொடுத்த படத்தைப் போல அது பளபளக்கவில்லை. கொஞ்சம் பொடிப்பொடியாக இருந்தது. அது பிலிமின் இயல்பு. பாட்டி படத்தை வாங்கினார். இடது புருவத்துக்கு மேல் விரலை வைத்தார். தழும்பு அங்கே இருந்தது.

“இவருதான்,” என்றார்.

நினைவில் வைப்போம்

1. நல்ல படம் வேண்டும் என்றால் அசலைக் கேட்டு வாங்குங்கள். நகலுக்கு நகல் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போய்விடும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான் இதுவும்.

2. வாட்ஸ்அப்பில் முக்கியமான படத்தை அனுப்பும்போது, போட்டோ என்று அனுப்பாமல் டாக்குமெண்ட் என்று அனுப்பலாம். அப்போது படம் சுருங்காது.

3. செல்போனில் படம் எடுக்கும்போது, திரையை விரலால் விரித்துப் பெரிதாக்குவதைவிட, இரண்டு அடி முன்னே போய் எடுப்பது நல்லது. விரலால் விரிப்பது பெரும்பாலும் இருக்கும் புள்ளிகளை ஊதிப் பெரிதாக்குவதுதான். லென்ஸைத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

4. தாளில் உள்ள பழைய படத்தை ஸ்கேன் செய்யச் சொல்லும்போது, ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் இல்லை என்றால், சட்டத்திலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, செல்போனைச் சாய்க்காமல் பிடித்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். கிழிந்துவிடும்.

5. நெகட்டிவைத் தூக்கி எறியாதீர்கள். ஓரத்தைப் பிடியுங்கள். நடுவில் கை படக் கூடாது. ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

6. செயலியில் முகத்தைத் தெளிவாக்கினால், அசலைத் தனியாக வைத்திருங்கள். அந்த ஆளை நன்றாகத் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். பத்திரம், அட்டை, ரசீது போன்றவற்றில் உள்ள எண்ணையும் எழுத்தையும் இப்படித் தெளிவாக்கி நம்பாதீர்கள்.

7. ஒரே செல்போனில் மட்டும் படத்தை வைக்காதீர்கள். செல்போன் தொலைந்தால் படமும் போய்விடும். இன்னோர் இடத்திலும் வையுங்கள். முடிந்தால் தாளிலும் போட்டு வையுங்கள்.

சேர்ந்து பேசுவோம்

உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய படம் எது? அதில் யார் யார் இருக்கிறார்கள்?

அதன் நெகட்டிவ் யாரிடம் இருக்கும்? இன்று யாரைக் கேட்கலாம்?

உங்கள் செல்போனில் உள்ள ஒரு படத்தின் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். சுவரில் மாட்ட எத்தனை அங்குலம் வரை போடலாம்? வகுத்துப் பாருங்கள்.